இடப்பக்கம் பார்த்த கொக்கு

பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற சாலையில், நங்கையார்குளத்துக் கரையில் ஒரு மருதமரம் நிற்கிறது. பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போகிறவன்கூட அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். அத்தனை நாற்றம். கிளைக்குக் கிளை மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. கொண்டுவருகிற மீனில் பாதி குஞ்சின் வாய்க்குப் போகும், மீதி கீழே விழும். வாய்க்குப் போனதும் கொஞ்ச நேரத்தில் வேறு உருவத்தில் கீழேதான் விழும். மரத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணு, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே குடையைச் செருகிக்கொண்டுதான் டீ ஆற்றுவாள். அவள் கடைத் தார்ப்பாயைச் சுரண்டினால் களக்காட்டு வாழைத்தோட்டம் மொத்தத்துக்கும் உரம் போட்டுவிட்டு மிச்சத்தைக் கேரளாவுக்கு லாரியில் ஏற்றலாம்.

அந்த மரத்தின் இடுப்பில் சுண்ணாம்பால் நம்பர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சாலை அகலமாகப் போகிறது, மரம் விழ வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அறுவை மெஷினோடு வந்து மாரிக்கண்ணுவின் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, எந்தக் கிளையில் தொடங்கலாம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாரைகளுக்காக அலைந்த டெபோரா பெரிய வரம் எதுவும் கேட்கவில்லை. மரம் காலாகாலத்துக்கும் நிற்கட்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை, ஆசை இருந்தும். இந்தக் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கட்டும், பறக்கட்டும், அதுவரை மெஷினை நிறுத்திவையுங்கள் என்றாள். அவ்வளவுதான். மரம் வெட்ட அனுமதி கொடுக்கிற குழுவின் அலுவலகத்தில், தனி ஆள் வந்து சொன்னால் கேட்க முடியாது, பதிவு பெற்ற அமைப்பின் தலைவர் வந்து ஆட்சேபம் சொன்னால் கேட்கலாம் என்றார்கள். டெபோரா சந்தோஷமாகத் திரும்பினாள். வாசல்படி இறங்குகிறபோதுதான் தன்னுடைய அமைப்பு எது என்பது ஞாபகம் வந்து அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

பொருநை இயற்கை நேயர் மன்றம். ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட இவர்கள் சண்டை போட்ட நாட்கள் அதிகம். இருந்த ஒரு தலைவரும் சண்டை தாங்காமல் மகனோடு இருக்கப் போகிறேன் என்று கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவருக்கு மகள் மட்டும்தான் என்பது அவர் ரயில் ஏறிய பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மன்றத்தில் இரண்டு கட்சி. மரம் நடுகிற கட்சி, பறவை எண்ணுகிற கட்சி. நடுகிறவர்களுக்குத் தலைவர் அப்பாத்துரை, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி இடம் கண்ணில் பட்டால் குழி தோண்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பந்தலுக்காக யாரோ சுத்தம் செய்து வைத்த இடத்தில் விடிவதற்குள் வேப்பங்கன்று நட்டுவிட்டார் என்றும், மாப்பிள்ளையும் பெண்ணும் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள் என்றும் ஊரில் பேச்சு. எண்ணுகிறவர்களுக்குத் தலைவர் அம்பலவாணன், கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். ஒரு மரத்தில் அவர் எண்ணி முடிப்பதற்குள் பறவைகள் முட்டையிட்டுக் கணக்கை மாற்றிவிடும். அவரும் சளைக்காமல் முதலிலிருந்து எண்ணுவார்.

இரண்டு பேரும் தலைவர் பதவிக்கு நின்றார்கள். யார் பக்கமும் சாயாத ஒரே ஆள் என்று டெபோராவைத் தேர்தல் அதிகாரி ஆக்கினார்கள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரு காலத்தில் ஜில்லாவின் பங்காளிச் சண்டை, சம்பந்திச் சண்டை அத்தனையும் அவள் காது வழியாகத்தான் போய்வரும். எதையும் அவள் வெளியே சொன்னதில்லை. ஆனால் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஒரு வசதி இருந்தது. தாங்க முடியாவிட்டால் ஒயரைப் பிடுங்கிவிடலாம். மன்றத்தில் பிடுங்குவதற்கு ஒயர் இல்லை.

"அண்ணாச்சி, குழு கூடப் போகுது," என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கெஞ்சினாள். "யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க. குஞ்சு இன்னும் பஞ்சு கணக்கா இருக்கு. கீழ விழுந்தா பொழைக்காது."

"நான் விட்டுக்குடுத்திருவேன், தங்கச்சி," என்றார் அப்பாத்துரை. "ஆனா இவரு அங்கன போயி மரத்தப் பத்திப் பேசவே மாட்டாரு. மூக்கு மஞ்சளா, கால் செவப்பான்னு பாடம் எடுப்பாரு. அதுக்குள்ள மரம் சாஞ்சிரும்."

"நீரு போனா மட்டும்?" அம்பலவாணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "ஒரு மரத்துக்குப் பதிலா பத்துக் கன்னு நட்டுத் தாரேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருவீரு. கன்னுல நாரை எங்க வே உக்காரும்? ஒம்ம தலையிலயா?"

"ஒம்ம தலையில எடம் இருக்கு. மயிருதான் இல்லியே."

"நீரு நட்டதுல எத்தன கன்னு வே உசுரோட இருக்கு? அதையாவது எண்ணிச் சொல்லும்."

"நீரு எண்ணி எண்ணி எந்தக் கொக்கு வே ரெண்டாச்சு?"

டெபோரா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்ளரை வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டாள். அப்புறம் எடுத்துக் கழுவினாள். அவள் மனநிலை அப்படி இருந்தது.

இந்த மன்றத் தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் அப்படி இருக்காது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது. ஆளுக்கு ஒரு பறவைப் படம், அவ்வளவுதான். பறவையைப் பார்த்து இன்னதென்று சொல்லத் தெரியாதவனுக்கு இயற்கை நேயர் மன்றத்தில் ஓட்டு எதற்கு என்று மன்றத்தை ஆரம்பித்தவர்கள் விதி எழுதிவிட்டார்கள். அந்த விதியைப் பற்றி எல்லோருக்கும் தாங்க முடியாத பெருமை.

இந்தத் தடவை இரண்டு பேருமே எனக்குக் கொக்குதான் வேண்டும் என்று நின்றார்கள். மீன்கொத்தி தருகிறேன், அரிவாள் மூக்கன் தருகிறேன் என்று டெபோரா ஒரு சந்தைக்குரிய பறவைகளைக் கடை பரப்பிப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் அம்பலவாணனே வழி சொன்னார்.

"எனக்குச் சின்னக் கொக்கு. இவருக்கு உண்ணிக் கொக்கு. முன்னதுக்கு மூக்கு கருப்பு, பின்னதுக்கு மூக்கு மஞ்சள். பச்சப்புள்ள கூடக் கண்டுபிடிச்சிரும்."

"மாட்டு முதுகுல இருக்க கொக்க எனக்குத் தாராரு பாரு," என்றார் அப்பாத்துரை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். அவர்கள் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு அது. விளங்காமல் போனதும் அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. மேலப்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கும் தாவூது, காலையில் சீல் வைத்த கட்டாகச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். எல்லோர் முன்னாலும் டெபோரா கட்டைப் பிரித்தாள். சீட்டில் இரண்டு கொக்கு. ஒன்று இடப்பக்கம் பார்த்தது, ஒன்று வலப்பக்கம் பார்த்தது. கருப்பு வெள்ளை. மஞ்சள் மூக்கு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. கண்ணாடியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு சீட்டைக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வரிசையில் வந்த ஒருத்தர்கூட இதில் எது யார் சின்னம் என்று கேட்கவில்லை. கேட்டால் பறவை தெரியாதவன் என்றாகிவிடும். பெயருக்குப் பின்னால் நாலு பட்டம் வைத்திருக்கிறவர்கள் சீட்டை வாங்கி, கண்ணைச் சுருக்கி, "ம்" என்று தலையை ஆட்டி, ஞானம் பெற்ற முகத்தோடு மறைப்புக்குள் போனார்கள். சிலர் மறைப்புக்குள் பைனாகுலரோடு போனார்கள். ஒருவர் உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, காலில் மஞ்சள் விரல் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

எண்ணி முடித்தபோது இடப்பக்கம் பார்த்த கொக்கு ஜெயித்திருந்தது. டெபோரா எழுந்து அறிவித்தாள்.

"இடப்பக்கம் பாத்த கொக்குக்குப் பெரும்பான்மை."

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கை தட்டினார்கள். அம்பலவாணன் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அப்பாத்துரை கழுத்திலும் ஒன்று விழுந்தது. இருவரும் கும்பிட்டபடியே திரும்பி, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீரு எதுக்கு வே மாலையோட நிக்கீரு?" என்றார் அம்பலவாணன்.

"ஜெயிச்சவன் மாலை போடாம என்ன துண்டா போடுவான்?"

"அது சின்னக் கொக்கு வே. கழுத்தப் பாரும். நீளமா, வளைவா, எப்படி இருக்கு."

"உண்ணிக் கொக்கு இரை தேடும்போது கழுத்த நீட்டும். தாடைய பாரும். என்னமா பொடச்சிருக்கு."

அன்று அந்த மண்டபத்தில் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி முளைத்தது. கழுத்துக்கு ஒரு பிரசங்கம், கணுக்காலுக்கு ஒரு பிரசங்கம். வெளியூரில் இருக்கும் நிபுணர்களுக்குப் படம் அனுப்பினார்கள். ஒரு நிபுணர் அது கொக்கே இல்லை, கரண்டிவாயன் என்று பதில் எழுதி, மூன்றாவது கட்சிக்கு விதை போட்டார்.

டெபோரா தாவூதுக்குப் போன் போட்டாள்.

"கலர்ல அடிச்சா ஒங்க மன்றத்துக்குக் கட்டுபடி ஆவாதுக்கா," என்றான் அவன் நிதானமாக. "கருப்பு வெள்ளையில ரெண்டு கொக்கும் ஒண்ணு போலத்தான இருந்திச்சு. அதான் ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டு, இன்னொரு பக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டுட்டேன். ஒண்ணு அங்கன பாக்குது, ஒண்ணு இங்கன பாக்குது. சோடியா நல்லாருக்குல்லா?"

"நல்லாருக்குப்பா," என்றாள் டெபோரா. வேறென்ன சொல்வது. "அது எந்தக் கொக்கு?"

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? பறவை பாக்கவிய நீங்கதான?"

அவள் மேடையேறி, இரண்டும் ஒரே படம்தான், ஒன்றைத் திருப்பிப் போட்டிருக்கிறான், ஆகவே தேர்தல் செல்லாது என்று தொண்டை கட்ட அறிவித்தாள். ஒருவரும் நம்பவில்லை.

"தாவூதுக்குக் கொக்கப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் அம்பலவாணன். "இவ்வளவு வித்தியாசம் கண்ணுக்கு முன்னால நிக்கு."

"அதுல மட்டும் அவரு சொல்லுதது சரி, தங்கச்சி," என்றார் அப்பாத்துரை. "வித்தியாசம் இருக்கத்தான செய்யுது."

மன்றத்தின் பேரில் ஆட்சேப மனுவை டெபோரா முன்னமே கொடுத்துவைத்திருந்தாள்; குழு கூடுகிற நாள் வந்தது. ஒரு ஆள் மட்டும் போனால் போதும் என்று டெபோரா இருவர் காலிலும் விழாத குறையாகச் சொல்லியிருந்தாள். இருவரும் போனார்கள், மாலை மட்டும்தான் இல்லை. சாலைப் பொறியாளர் வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் இளவயதுப் பெண் அதிகாரி ஒருவர்.

"மன்றத்தின் தலைவர் யாரு?" என்றார் அதிகாரி.

"நான்," என்று இரண்டு பேரும் எழுந்தார்கள்.

டெபோரா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய முகத்துக்கு வெளியே கழுத்து, தாடை, கணுக்கால் எல்லாம் வரிசையாக வந்தன. மருதமரம் வரவில்லை. நாரைக்குஞ்சு வரவில்லை. அம்பலவாணன் வாக்குச்சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அப்பாத்துரை அதைத் தன் பக்கம் இழுத்தார். பொறியாளர் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று டெபோரா நினைத்தாள். அந்த இரண்டு பேரையும் மரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்து, மெஷினை அவளே பிடித்தால் என்ன என்றும் நினைத்தாள்.

அதிகாரி மேஜையைத் தட்டினார்.

"ஆட்சேபம் சொன்னது மன்றம். மன்றத்துக்காகப் பேசறது யாருன்னே தெரியாம நான் யார் சொல்றதைக் கேட்கிறது? உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் இது நிலுவை."

"மேடம், அப்ப மரம்?" என்றார் பொறியாளர்.

"ஆட்சேபம் நிலுவையில இருந்தா மரமும் நிலுவைதான். யாரும் தொடக்கூடாது."

பொறியாளர் கக்கத்திலிருந்து வரைபடம் நழுவி விழுந்தது. இரண்டு தலைவர்களும் படியில் இறங்கியபடியே சண்டையைத் தொடர்ந்தார்கள். தாங்கள் என்ன சாதித்தோம் என்பது அவர்கள் காதில் ஏறவே இல்லை. டெபோரா மட்டும் கடைசியாக எழுந்தாள். அதிகாரி தலை நிமிராமலே கேட்டார்.

"குஞ்செல்லாம் எப்ப பறக்கும்மா?"

"ஆனி மாசம் பொறந்தாப் பறந்திரும்மா."

"குழுவில எல்லாரும் சாலைக்குத்தான் கை தூக்குவாங்க. கூட்டம் நடந்தா அன்னிக்கே முடிஞ்சிடும்." அதிகாரி பேனாவை மூடினார். "உங்க ஆளுங்க அதுக்குள்ள சமாதானம் ஆயிடற ஆளுங்களா?"

டெபோராவுக்குச் சட்டென்று மூச்சு வந்தது. "சத்தியமா இல்லம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல காலம். ஒரு மன்றத்துக்கு இரண்டு அலுவலகம், இரண்டு முத்திரை, இரண்டு வாட்ஸ்அப் குழு. இந்தக் கட்சி ஆற்றங்கரையில் கன்று நட்டால் அந்தக் கட்சி வந்து எண்ணி, குறைவு என்று அறிக்கை விடும். டெபோரா எக்ஸ்சேஞ்ச் நாட்களைப் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். மரத்தில் குஞ்சுகள் எழுந்து நின்று றெக்கையை விரித்து, பறக்கத் துணிச்சல் இல்லாமல் மடக்கிக்கொண்டன.

"ஒங்க பறவையளுக்கு என் தலை ஒண்ணுதான் கெடச்சிது," என்றாள் மாரிக்கண்ணு, டீயை நீட்டியபடி. "இந்த மெஷின்காரனுவ வேற தெனமும் வந்து, சண்டை முடிஞ்சிட்டான்னு எங்கிட்ட கேக்கானுவ. முடியாதுல்லாம்மா? மரம் போனா என் கடையும் போயிரும்."

"முடியாது. நீ பயப்படாத."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, சமாதானம் வந்து தொலைத்தது.

அம்பலவாணனுக்கும் அப்பாத்துரைக்கும் ஒரே நேரத்தில் கண்புரை அறுவை. கண் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். கண்ணைக் கட்டிப் போட்டிருந்ததால் பக்கத்தில் படுத்திருப்பது யாரென்று இருவருக்கும் தெரியவில்லை; கத்தாத குரலில் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. நர்ஸ் மட்டமான காபி கொடுத்ததாகச் சொல்லி ஒருவரோடு ஒருவர் சேர்ந்து திட்டியதில் உயிர்ச் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது காலம் கடந்திருந்தது.

இரண்டு பேரும் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கோமுவும் சாலோமியும் பின்னால் வர, டெபோரா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோமு அம்பலவாணனின் மனைவி, சாலோமி அப்பாத்துரையின் மனைவி. கணவர்கள் சேர்ந்துகொண்டதில் அவர்கள் முகத்தில் அப்படி ஒரு விடுதலை. கையில் அல்வாப் பொட்டலம்.

"தங்கச்சி, ஆளுக்கு ஒரு வருசம் தலைவர்," என்றார் அப்பாத்துரை. "மொத வருசம் அண்ணாச்சியே இருக்கட்டும்."

"சேச்சே, மொத வருசம் நீருதான்," என்றார் அம்பலவாணன். "நாளைக்கே அந்த அதிகாரியப் பாத்துச் சொல்லிருவோம்மா. மரத்தப் பத்தி ரெண்டு பேருமே பேசுதோம்."

டெபோரா கதவைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். குஞ்சுகள் கூட்டின் விளிம்பு வரை வந்து, கீழே பார்த்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நாள். மரத்துக்காக அலைந்தபோது ஒன்றுசேராத இரண்டு ஜென்மங்கள், சேரக்கூடாத நாள் பார்த்துச் சேர்ந்து நிற்கின்றன.

உட்காரவைத்து எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். கூட்டம் நடந்தால் மரம் போய்விடும், உங்கள் சண்டைதான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது, ஆனி பிறக்கிறவரை சும்மா ஒப்புக்காவது சண்டை போடுங்கள் என்றாள்.

அம்பலவாணன் அல்வாவைக் கீழே வைத்தார். "பொய்ச் சண்டையாம்மா? அது மன்றத்துக்கு மரியாதை இல்ல."

"நாங்க கொள்கைக்காகச் சண்ட போட்டோம், தங்கச்சி," என்றார் அப்பாத்துரை. "நடிக்கச் சொன்னா முடியாது."

"மரம், அண்ணாச்சி."

"உண்மையப் பேசி ஜெயிப்போம்."

இந்த இருவரும் உண்மையைப் பேசி ஜெயிக்கப் போகிறார்கள். டெபோரா எழுந்தாள். காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கியது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அலமாரியில் மீதியிருந்த வாக்குச்சீட்டு ஒன்றை எடுத்து, காபித் தட்டின் மேல் தம்ளர்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனாள்.

"ஆபரேஷன் பண்ணின பொறவு கண்ணு எப்படித் தெரியுது, அண்ணாச்சி?" என்று விசாரித்தாள்.

"அத ஏம்மா கேக்க. ஒலகமே புதுசா இருக்கு," என்றார் அம்பலவாணன். "எதிர்வீட்டுக் கொடியில எறும்பு போறது தெரியுது."

"எனக்கு எறும்பு கால் தெரியுது," என்றார் அப்பாத்துரை.

"அப்படியா. இந்தப் படம் இப்பத் தெளிவாத் தெரியுமோ என்னமோ." தட்டை மேஜையில் வைத்துவிட்டு, டெபோரா ஒதுங்கி நின்றுகொண்டாள்.

இருவரும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். குனிந்தார்கள். மண்டையும் மண்டையும் லேசாக முட்டிக்கொண்டன. சிரித்துக்கொண்டார்கள். மறுபடியும் குனிந்தார்கள். காபியில் ஆடை கட்டியது.

"அடடா," என்றார் அம்பலவாணன் பைய. "அன்னிக்குப் புரைக்கண்ணோட பாத்தே சரியாச் சொல்லியிருக்கேன். இப்பப் பட்டப்பகல் கணக்காத் தெரியுது. சின்னக் கொக்கேதான்."

அப்பாத்துரை நிமிர்ந்தார். "எது?"

"இதுதான் வே. இடப்பக்கம் பாக்கது."

"ஒமக்கு எந்தக் கண்ணுல வே ஆபரேஷன் பண்ணினான்? தாடை பொடச்சிக்கிட்டு நிக்கு. இது உண்ணிக் கொக்கு."

"ஒமக்கு லென்ஸ மாத்தி வச்சிட்டான். போயி ரூவாயத் திரும்பக் கேளும்."

"ஒமக்கு லென்ஸே வைக்கல. பஞ்ச வச்சித் தச்சிருக்கான்."

"அந்த ஆஸ்பத்திரியில படுத்து ஒம்ம கூடச் சேந்து காபியத் திட்டினேன் பாரும், அந்தக் காபி நல்ல காபி வே."

சாலோமி தலையில் கை வைத்துக்கொண்டாள். கோமு அல்வாப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினாள். சத்தம் தெருவைத் தாண்டி, தெற்கு பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். முன்பு கலங்கிய கண்ணோடு போட்ட சண்டை அது. இது தெளிந்த கண்ணோடு போடுகிற சண்டை, இதற்கு முடிவே இல்லை. டெபோரா ஜன்னல் கதவைச் சாத்தப் போனவள், நினைத்துப் பார்த்து, நன்றாகத் திறந்து வைத்தாள். பேசியதில் பாதியாவது அந்த அலுவலகம் வரைக்கும் போகட்டும்.

ஆனியில் குஞ்சுகள் பறந்தன. பொறியாளர் மாற்றலாகிப் போனார். ஒப்பந்தக்காரர் காத்திருந்து பார்த்து, வேறொரு ஊரில் வேறொரு சாலைக்கு மெஷினை எடுத்துக்கொண்டு போனார். ஆட்சேபம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நங்கையார்குளத்துக்கு இந்தத் தடவை நாரைகள் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டன. மன்றத்தில் யாராவது எழுந்து, பெரிய மனுஷர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி முடித்தால் என்ன என்று கேட்டால், அவசரப்படாதீங்க, பாத்துக்கிடலாம் என்கிறாள் டெபோரா.

மாரிக்கண்ணு புதுக்குடை ஒன்று வாங்கியிருக்கிறாள்.